நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கைத்தடி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றுக்குப் பத்துப் பக்கத்தில் கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'ஷோனாப் புனைகதைகள் தம் வாசகர்களுக்குத் தரும் வலிமை.' க்வேரு நகரில் இருபத்தெட்டு வருஷமாக ஷோனா மொழிப் பாடம் நடத்துகிறவள், மூன்று நாவல் எழுதியவள், இந்த ஷுவைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

ஷோனாப் புனைகதை தன் வாசகரின் கையில் ஒரு

கையில் ஒரு என்ன? 'விளக்கை' என்று எழுதி அடித்தேன். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு விளக்கேற்றிக் கண் கூசுகிறது. 'ஆயுதத்தை' என்று எழுதி அதையும் அடித்தேன். மூன்றாவதாகப் பேனா தானாகவே 'கைத்தடியை' என்று எழுதிவிட்டது. அதற்கு மேல் கட்டுரை ஓடவில்லை. ஏனென்றால் அது உவமை இல்லை. நிஜக் கைத்தடி. குட்டு மாவட்டத்தில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அவளுடைய அம்மா தன் வீட்டில் இருப்பாளா, மூட்டை கட்டுவாளா என்பது நாளைக் காலை பத்து மணிக்குள் நான் செய்யப்போகும் ஒரு காரியத்தில் இருக்கிறது.

கட்டுரையை மூடிவிட்டேன். இது அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "கணவன் இறந்து ஒரு வருஷம் கழித்து, சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, முசானெட்டா" (வேண்டாம். யார் முசானெட்டா என்று கேட்பீர்கள்.)

இரண்டு: "தொலைபேசி மணி அடித்தது." (இப்படித் தொடங்கும் கதைக்கு என் மாணவர்களுக்குப் பத்துக்கு நாலு போடுவேன். எனக்கும் அதே நியாயம்தான்.)

மூன்றாவது, வழக்கத்திலிருந்து தொடங்குவது. சப்பென்றுதான் இருக்கும். ஆனாலும் நகரத்தில் வளர்ந்த என் மாணவர்களில் பாதிப் பேருக்கு வழக்கம் தெரியாது. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஒருவன் இறந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனதும், கேழ்வரகு பீர் காய்ச்சி அவன் ஆவியை வீட்டுக்கு அழைத்துவருகிறோம். பிறகு அவன் விட்டுப்போனதைப் பங்கு வைக்கிறோம். கோட்டு, சைக்கிள், கலப்பை, அதோடு பெண்டாட்டி. இறந்தவனின் தம்பிகள், ஒன்றுவிட்ட அண்ணன்கள் எல்லாம் வரிசையாக உட்காருவார்கள். விதவையின் கையில் அவன் கைத்தடியைக் கொடுப்பார்கள். அவள் அதை யாரிடம் நீட்டுகிறாளோ அவன் அவளுக்குப் புருஷன். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவன் உரிமை. யாரும் வேண்டாம் என்கிறவளுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. பெற்ற மகனிடம் கொடுக்கலாம், அல்லது நாத்தனாரிடம் கொடுக்கலாம். 'இந்த வீட்டிலேயே இருந்து பிள்ளைகளை வளர்ப்பேன், ஆண் துணை வேண்டாம்' என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு அவளை யாரும் அந்த வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது. இரண்டு கதவும் இல்லாதவள் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு, வந்தபோது கொண்டுவந்த பானைகளோடு அப்பன் வீட்டுக்குப் போகலாம். பிள்ளைகள் குலத்துக்குச் சொந்தம். அவர்கள் போக முடியாது.

[சட்டம் வேறு மாதிரி சொல்கிறதே என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சட்டம் தலைநகர் ஹராரேயில் இருக்கிறது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும்.]

முசானெட்டாவுக்கு இரண்டு கதவும் இல்லை. பெற்றது இரண்டும் பெண். சொந்த நாத்தனார் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டு வேலை செய்கிறாள். எல்லை தாண்டி வந்துபோக அவளிடம் காகிதம் இல்லை.

3

இனி என் குற்றம்.

என் மூன்றாவது நாவலின் பெயரை இங்கே சொல்லமாட்டேன், விளம்பரம் என்பீர்கள். பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் பாடமாக இருக்கிறது. அதில் செகெசாய் என்று ஒரு விதவை வருகிறாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், ஏழாம் வரி. கைத்தடியோடு ஆண்கள் வரிசையைக் கடந்து போகிறாள். ஒருவன் தொண்டையைக் கனைக்கிறான். அவள் நிற்கவில்லை. கதவருகே உட்கார்ந்திருக்கும் தன் மகள் எஸ்நாத்திடம் கைத்தடியை நீட்டுகிறாள். மகள் வாங்கிக்கொள்கிறாள். பெண்கள் குலவையிடுகிறார்கள்.

கவனித்தீர்களா? மகள்.

கைத்தடி மகளிடம் போனதாக நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. புரட்சி செய்ய நினைத்தும் எழுதவில்லை. முதல் பிரதியில் அந்தப் பிள்ளை ஒரு பையன். பெயர் ஜோசியா. காட்சி வழக்கப்படிதான் இருந்தது. ஆனால் அந்தப் பயல் நாவல் முழுக்கச் சாப்பிட்டான், தூங்கினான், மாடு ஓட்டினான். ஒரு வாக்கியம்கூட உருப்படியாகப் பேசவில்லை. ஒரு நாள் எரிச்சலில் அவனைப் பெண்ணாக்கினேன். ஆக்கியதுதான் தாமதம், வாயைத் திறந்தாள். அப்புறம் மூடவே இல்லை. அதனால் நாவலை முதலிலிருந்து திருத்தினேன். கால்சட்டையைப் பாவாடையாக்கினேன், மாட்டுக்குப் பதில் தண்ணீர்க் குடம் கொடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும் பெயரையும் 'மகன்' என்ற சொல்லையும் மாற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் காட்சி என் பெருமை. பெருமைப்படும் பக்கத்தை நாம் திரும்பப் படிப்பதில்லை, படித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

பதிப்பாசிரியர் கவனிக்கவில்லை. பாடம் நடத்திய ஆசிரியர்கள் கவனிக்கவில்லை. இதைவிடக் கேவலம், நானே அதிலிருந்து கேள்வி எடுத்திருக்கிறேன்: 'செகெசாய் கைத்தடியை மகளிடம் கொடுத்ததன் முக்கியத்துவத்தை விளக்குக. பத்து மதிப்பெண்.' பிள்ளைகள் துணிச்சல், விடுதலை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் எட்டு எட்டாகப் போட்டேன்.

4

சரி, தொலைபேசி மணி அடித்தது. வேறு வழியில்லை, அப்படித்தான் நடந்தது. போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

"டீச்சரம்மா, நீங்கதானே அந்தப் புஸ்தகம் எழுதினவங்க? என் பேரு முசானெட்டா. குட்டுப் பக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களை நல்லாத் தெரியும்."

வாசகர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். அடுத்து, மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கித்தரச் சொல்வார்கள்.

"சொல்லும்மா."

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்தைப் பண்ணிட்டேன்."

"என்னது?"

"செகெசாய் பண்ணினதுதான். கைத்தடியை என் பெரிய பொண்ணு மைடெய்கிட்ட குடுத்துட்டேன்."

'சபாஷ்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பொண்ணு என்கிற சொல் உறைத்தது. "பொண்ணுகிட்டயா?" என்றேன்.

"ஆமா. நீங்க எழுதின மாதிரியே."

அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். ஏழாம் வரி. பதினான்கு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "பெரியவங்கெல்லாம் கேட்டாங்க, எங்கடி பார்த்த இந்த வழக்கத்தைன்னு. புஸ்தகத்துல இருக்குன்னேன். சிரிச்சாங்க. பொறவு சிரிக்கல. ஸ்கூல் புஸ்தகமாச்சே, தூக்கிப் போட முடியுமா? ஊர்த்தலைவரு சொல்லிட்டாரு, எழுதின அம்மாவே வந்து எங்க பார்த்தாங்கன்னு சொல்லட்டும், அதுவரைக்கும் அவளை யாரும் தொந்தரவு பண்ணாதீங்கன்னு. நீங்க வருவீங்கல்ல?"

வருகிறேன் என்றேன். பிழை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்ததை மென்று விழுங்கினேன்.

5

கட்டுரைக்கென்று யோசித்துவைத்த ஒரு பத்தி இருக்கிறது. வீணாக வேண்டாம் என்று இங்கே வைக்கிறேன்.

நான் சிறுமியாகப் படித்த ஷோனா நாவல்களில், பஸ் ஏறி நகரத்துக்குப் போன பெண் கடைசி அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பாள், இல்லையென்றால் ஆற்றில் மிதப்பாள். பொறுத்துப்போன பெண்சாதிக்கு ஒரு புதுக் கம்பளி கிடைக்கும். வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, பெண்கள் பக்கம் பார்த்து "புரிஞ்சுதா?" என்பார். புரிந்தது. ஆனால் அவர் நினைத்தது இல்லை. அவள் எந்த நிறுத்தத்தில் இறங்கினாள், யாரிடம் வழி கேட்டாள், வாடகைக்கு அறை பிடிக்க என்ன பொய் சொன்னாள், முதல் வேலையை எப்படி வாங்கினாள் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவளைத் தண்டிக்கக் கடைசிப் பத்துப் பக்கம் போதும். அதற்காக அந்த ஆசிரியர்கள் நூற்றெண்பது பக்கம் அவள் எப்படித் தப்பித்தாள் என்று விலாவாரியாக எழுதிவைத்திருந்தார்கள். நாங்கள் அந்த நூற்றெண்பதைத்தான் படித்தோம். நான் முதல்முதலாகத் தனியாகப் புலவாயோ பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலீஷில் படித்ததை வைத்துப் பரீட்சை எழுதினோம். ஷோனாவில் படித்ததை வைத்து மாமியாருக்குப் பதில் சொன்னோம். கருத்தரங்கில் இதைச் சொன்னால் அடிக்குறிப்பு எங்கே என்பார்கள்.*

* அடிக்குறிப்பு: என் மாமியார். இப்போது இல்லை.

6

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போனால் ஏமாற்று வேலை.

முசானெட்டாவின் கொழுந்தன், பெயர் கிவ்மோர். கைத்தடி நியாயமாகத் தனக்குத்தான் வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தவர். தொலைபேசியில் கேட்டதை வைத்து அவரை இப்படி எழுதிவைத்திருந்தேன்: 'சிவந்த கண்களும் தடித்த கழுத்துமாக, அண்ணனின் வீட்டையே வெறித்தபடி, கிவ்மோர் தன் மீசையை'

நேற்று சனிக்கிழமை. குட்டுவுக்கு அப்பால் பஸ்ஸை விட்டு இறங்கினால், என்னைக் கூட்டிப்போக மாட்டுவண்டியோடு நின்றது அந்த கிவ்மோர்தான். ஒல்லி மனிதர். மீசை கிடையாது. உள்ளங்கைகளைத் தட்டி, குனிந்து, குலப்பெயர் சொல்லி நலம் விசாரித்தார். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வில்லன் மடியில் என் பை. எழுதுகிறவளுக்கு இது நல்லதற்கில்லை.

அக்டோபர் வெயில் மண்டையைப் பிளந்தது. மாடுகள் நடப்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நடந்தன.

"டீச்சரம்மா, என்னைத் தப்பா எழுதிடாதீங்க" என்றார்.

"நான் எழுத வரலீங்க. சாட்சி சொல்ல வந்திருக்கேன்."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே." சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணியை நானா கேட்டேன்? வழக்கம் கேக்குது. அண்ணன் போனதுலேருந்து அவங்க வயலை முதல்ல உழுதுட்டுத்தான் என் வயல்ல கலப்பை வைக்கிறேன். அந்த வீட்டுக்குத் தகரம் போட்டது நான். நாளைக்கு அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணுன்னா செத்துப்போன அண்ணன் யாரைக் கேப்பான்? உங்க செகெசாயையா?"

நான் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா டீச்சர்? மழை வந்தா யாரு உழுவா, அதைச் சொல்லுங்க."

என் புத்தகத்தில், நூற்று நாற்பத்து நான்காம் பக்கத்தில் எல்லாரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள். யார் உழுதார்கள் என்று நான் எழுதவே இல்லை.

மேலே அந்த மீசை வாக்கியத்தை அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

7

சமையல் குடிசையில் அடுப்புப் புகை. முசானெட்டா நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட வாயாடி. அடுப்பில் சட்சா களி கிண்டிக்கொண்டிருந்தவள் கிவ்மோரின் மனைவி. பிள்ளையின் பெயரை வைத்து ஃபரையின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுகிறார்கள். வாசற்படியில் மைடெய். மடியில் குறுக்காகக் கைத்தடி. பள்ளிக்கும் அதை எடுத்துக்கொண்டு போகிறாளாம். வகுப்பு ஆசிரியை அதைக் கரும்பலகைக்குப் பின்னால் சாத்திவைத்து, மணி அடித்ததும் திருப்பிக் கொடுக்கிறாளாம்.

முசானெட்டா புத்தகத்தைக் காட்டினாள். சோளமாவுப் பையை வெட்டி அட்டை போட்டிருந்தது. ஒரே பிரதி. அடிபம்பு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பதினோரு வீடு சுற்றி வந்திருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் கழன்றுபோய், கறுப்பு நூலால் தைத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"முசானெட்டா, அது பிழைம்மா" என்றேன். ஜோசியாவைப் பற்றி, அவன் எஸ்நாத் ஆனதைப் பற்றி, நான் திரும்பப் படிக்காததைப் பற்றி எல்லாம் கொட்டினேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

"டீச்சரம்மா, கைத்தடி பொண்ணுக்குப் போகாதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல நாலு சடங்கு பார்த்தவ நான்."

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"முதல்ல படிச்சப்ப, 'ஐயே, டவுன்ல உக்காந்துகிட்டு இந்தப் பொம்பளை தப்பால்ல எழுதியிருக்கா'ன்னுதான் நினைச்சேன். மறுபடி படிச்சேன். வரிசையில உக்காந்திருந்தவங்க யாரும் எந்திரிச்சு அடிக்கல. கூரை இடிஞ்சு விழல. பொண்ணு வாங்கிக்கிட்டா, பொம்பளைங்க குலவை போட்டாங்க, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. அட, இவ்வளவுதானான்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எனக்கு அப்படி ஒரு நெனப்பே வந்ததில்ல."

"ஆனா நான் மறந்துபோய்..."

"நீங்க மறந்தீங்க. நான் யோசிச்சேன். நாத்தனாருக்கு ஏன் குடுக்கலாம்? அவ இந்த வீட்டு ரத்தம். என் மவ மட்டும் பக்கத்து வீட்டு ரத்தமா?"

ஃபரையின் அம்மா பானையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "எனக்குப் பாதிப் புருஷன் போதாது டீச்சர். முழுசா இருக்கிறப்பவே வீட்டுல ஒரு வேலை நடக்கல. கைத்தடி குடுத்த அன்னிக்கு மொதக் குலவை போட்டது யாருன்னு இவர் இன்னும் தேடிக்கிட்டிருக்காரு."

"யாரு?"

"நான்தான்" என்று சொல்லிக் களியைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

[இந்த இடத்தில் என் மனநிலையை விவரித்து அரைப் பக்கம் எழுதினேன். அவமானம், நன்றி, இன்னும் ஏதேதோ. படித்துப் பார்த்தால் எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. எடுத்துவிட்டேன்.]

8

மரத்தடியில் ஆண்கள் முக்காலியில், பெண்கள் பாயில். ஊர்த்தலைவர் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டே தொடங்கினார்.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க. நல்ல வேளையா இன்னிக்கு ரெண்டு பேரும் இங்க இருக்காங்க. சொல்லுங்க டீச்சர், இந்த வழக்கத்தை எந்த ஊர்ல பார்த்தீங்க?"

பஸ்ஸில் வரும்போது இரண்டு பதில் தயாரித்துவைத்திருந்தேன். 'கிழக்கே மலைப்பக்கம் பார்த்தேன்' என்பது பொய். 'என் கவனக்குறைவு' என்பது உண்மை, அதைச் சொன்னால் முசானெட்டா பானைகளை எடுத்துவைக்க வேண்டியதுதான். வாயைத் திறந்தபோது இரண்டும் வரவில்லை.

"எழுதும்போது பார்த்தேன்" என்றேன்.

சிரிப்பு. "எழுதும்போதுன்னா? கனவா?" என்றார் கிவ்மோர்.

"கனவில்ல. மேசையில."

ஊர்த்தலைவர் சிரிக்கவில்லை. "நேராக் கேக்கிறேன். அது பிழையா?"

இங்கேதான் எனக்குள் இருந்த வாத்தியாரம்மா குறுக்கே வந்தாள். இருபத்தெட்டு வருஷமாக மாணவர்களைச் சமாளித்த குரலில், "அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுதுங்க. பிழைன்னா அதுல திருத்திடுவாங்க" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

அவர் கண் சுருங்கியது. மைடெய் பக்கம் திரும்பினார். "பாப்பா, அதுவரைக்கும் கைத்தடியை என்கிட்ட குடு."

அவள் எழுந்து நின்றாள். மைடெய் என்றால் 'என்ன கேட்டீர்கள்' என்று அர்த்தம். பிள்ளை பிறந்ததும் பையனை எதிர்பார்த்தவர்களைப் பார்த்து அப்பா வைத்த பெயராம். கைத்தடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்குக் குடுத்தவங்க கேட்டாக் குடுக்கிறேன் தாத்தா" என்றாள்.

எல்லாரும் முசானெட்டாவைப் பார்த்தார்கள். அவள் கைத்தடியைக் கேட்கவில்லை. பாயில் இருந்த ஒரு சருகை எடுத்து நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த்தலைவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நாளன்னிக்கு நவம்பர் பொறக்குது. அந்த மாசம் நாம எந்தச் சடங்கும் தொடமாட்டோம். டிசம்பர்ல புதுப் புஸ்தகம் வந்துடும். கொண்டாங்க, எல்லாரும் பார்ப்போம். அதுலயும் பொண்ணுன்னே இருந்தா எழுதினவ தெரிஞ்சுதான் எழுதியிருக்கா, இந்த ஊர்லயும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும். மாத்தியிருந்தா பிழை. பிழையைப் பார்த்துச் செஞ்ச சடங்கு சடங்கில்ல. முசானெட்டா மறுபடியும் கைத்தடியைக் கையில எடுக்கணும்."

கிவ்மோர் தலையசைத்தார். திரும்பும்போதும் வண்டியில் அவர்தான் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினார்.

9

இப்போது என் மேசைமேல் அந்தப் புதிய பதிப்பின் அச்சுப்படி இருக்கிறது. பக்கத்தில் சிவப்புப் பேனா. விஷயம் ஊருக்குள் பரவி, அந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதிப்பகத்துக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் கடிதம் போட்டிருக்கிறார். பதிப்பாசிரியர் முனெட்சி போன வாரம் கூப்பிட்டார்.

"ஷுவை, பதினாலு வருஷமா எவனுமே பார்க்கலயே, மானம் போகுது! சின்னத் திருத்தம்தான். பொண்ணை எடுத்துட்டு நாத்தனாரைப் போடு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள அனுப்பிடு, பதினொண்ணுக்கு மெஷின் ஓடும்."

"திருத்தலைன்னா?"

"திருத்தலைன்னா பாடத்திலேருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் உன் புஸ்தகத்தை யாரு படிப்பா? ஏன், என்னாச்சு உனக்கு?"

திருத்தச் சொல்லி எனக்குள்ளேயும் ஒரு குரல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நம் வழக்கங்கள் அழியாமல் எழுதிவைக்கத்தான் ஷோனாவில் எழுதுகிறேன் என்று மேடைக்கு மேடை முழங்கியவள் நான். குலப்பெயரைத் தப்பாக எழுதிய பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தவள். தெரிந்தே ஒரு பொய் வழக்கத்தை வருஷத்துக்கு ஆயிரம் பிள்ளைகள் தலையில் ஏற்றலாமா? பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த முசானெட்டாவின் கைக்குப் புத்தகம் போய்ச்சேருமா? இந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்ததும் பயமாக இருந்தது.

முடிவு அ: திருத்துகிறேன். டிசம்பரில் ஊர்த்தலைவர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறார். 'நாத்தனார்' என்று படிக்கிறார். முசானெட்டா எழுந்து மகளிடம் போகிறாள். மைடெய்யின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து

என்னால் இதற்குமேல் எழுத முடியவில்லை.

முடிவு ஆ: அப்படியே விடுகிறேன். பாடத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு பிரதியோடு பஸ் ஏறுகிறேன். குலவைச் சத்தம், எல்லாருக்கும் களி, கோழிக்கறி. பத்துக்கு ஐந்து. அப்புறம் மழை வருகிறது. கிவ்மோர் யார் வயலில் முதலில் கலப்பை வைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வைப்பார் என்றுதான் நினைக்கிறேன். மீசை விஷயத்தில் ஏற்கெனவே ஏமாந்தவள், என்னை நம்ப வேண்டாம்.

முடிவு இ: பள்ளிகளுக்கு நாத்தனார், குட்டுவுக்கு மட்டும் மகள் என்று ஒரே ஒரு தனிப் பிரதி. இது தோன்றியபோது பத்து நிமிஷம் துள்ளிக் குதித்தேன். பிறகு அந்தப் பதினோரு வீடும் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

10

ஆக, முடிவை நான் எழுதப்போவதில்லை.

அச்சுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நியாயமான மனிதர். அடுத்து பாடத்திட்டக் குழு. அப்புறம் முனெட்சி, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கருத்தரங்குக்காரர்களில் ஒருவர் தொண்டையைக் கனைக்கிறார். நான் நிற்கவில்லை.

கதவருகே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தக் காரியத்தில் உங்களுக்கு வேலையில்லை, வேடிக்கை பார்க்க வந்தோம் என்று நினைத்திருப்பீர்கள். மைடெய்யும் அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் அம்மா வந்து எதிரே நிற்கும் வரை.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், ஏழாம் வரி. பேனாவும் இதோ இருக்கிறது. முசானெட்டாவின் வீடு, அந்தப் பெண்ணின் கை, கிவ்மோரின் கலப்பை எல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த எதையும் உங்களிடம் மறைக்கவில்லை. வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை, வழக்கம் அப்படித்தான் சொல்கிறது.

நான் நீட்டிவிட்டேன். பத்து மணி வரை நீட்டியபடியே நிற்பேன். வயசான கை, கொஞ்சம் சீக்கிரம்.